வட்டியில்லாக் கடனில் தனியார் பட்டப்படிப்பு: புதுக்குடியிருப்பிலிருந்து கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உயர்தர வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த உங்கள் மகள் முதல் தடவையில் பல்கலைக்கழகத் தெரிவுக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை என்றும், அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் கொழும்புப் பக்கம் தனியார் நிறுவனமொன்றில் பட்டம் படிக்கலாம் என்று அயலவர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் சொன்ன திட்டம் இருக்கிறது. ஆனால் அது புலமைப்பரிசில் இல்லை, கடன். பல்கலைக்கழக மாணவருக்கு 1981 முதல் கிடைத்துவரும் மகாபொல புலமைப்பரிசில் கொடுப்பனவைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்குக் கட்டணமும் இல்லை. 2017இல் தொடங்கிய இந்தத் திட்டத்திலோ அரசாங்கம் வங்கிக்குரிய வட்டியை மட்டும் பொறுப்பேற்கிறது. கடனாக வாங்கிய தொகையை உங்கள் மகளே உழைத்துக் கட்ட வேண்டும்.

நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தக் கட்டுப்பணத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவள் என்பதால், கடன் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனம் பின்வாங்கும் என்பது எனக்கு விளங்குகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். இங்கே வட்டி குட்டி போடுவதில்லை. படிக்கும் காலத்தில் கடன் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. படிப்பு முடிந்த பின்னரும் ஒரு வருட அவகாசம் உண்டு. அதே வேளை தொகை சிறியதன்று. திட்டம் தொடங்கியபோது கற்கைக் கட்டணத்துக்கு உச்சமாக 8 இலட்சம் ரூபாயும், விரும்பியவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கென வருடத்துக்கு 75,000 வீதம் 4 வருடங்களுக்கு 3 இலட்சமும் வழங்கப்பட்டன. இந்த 11 இலட்சத்தை 8 வருடங்களில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 11,500 ரூபாய் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதை மகளையும் பக்கத்தில் இருத்திக் கணக்குப் பாருங்கள். இவை தொடக்ககாலத் தொகைகள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலில் உள்ள தொகையைக் கொண்டே கணக்கை முடியுங்கள்.

வன்னிப் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இருப்பிடச் செலவைத்தான். இத்திட்டத்தில் இடம்பெற்ற மாலபேயின் எஸ்.எல்.ஐ.ஐ.ரி., ஹோமாகமவின் என்.எஸ்.பி.எம். போன்ற நிறுவனங்கள் மேல் மாகாணத்தில் இருக்கின்றன. வருடத்துக்கு 75,000 என்பது மாதத்துக்கு 6,250 ரூபாய்தான். அறை வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு எல்லாவற்றையும் அதற்குள் அடக்க முடியாது. மிகுதியைக் காலபோக நெல் விற்ற காசிலிருந்தோ வெளிநாட்டு உறவினரிடமிருந்தோ எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். ஒரு போகம் வெள்ளத்தில் போனாலும், உறவினர் ஒரு வருடம் அனுப்பாமல் விட்டாலும் என்ன செய்வது என்பதை இப்போதே பேசி வையுங்கள். மூன்றாம் வருடத்தில் படிப்பை இடைநிறுத்திய பிள்ளைக்குப் பட்டம் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும். நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான்.

கடனுக்குப் பிணை தேவைப்படும். பிணை நிற்கச் சம்மதிப்பவர் வேறொரு கடனிலோ லீசிங்கிலோ தவணை தவறியிருந்தால் அது கடன் தகவல் பணியகத்தின் பதிவில் தெரியவரும். வங்கி அவரை ஏற்கத் தயங்கும். தெரிவுக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஆள் தேடி அலையாமல், யாரை வங்கி ஏற்கும் என்பதை முன்கூட்டியே வங்கிக் கிளையில் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் துண்டுப்பிரசுரம் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இத்திட்டத்துக்குள் வராது. பட்டியலில் உள்ள நிறுவனத்தில்கூட, அறிவித்தலில் பெயர் குறிப்பிட்ட கற்கைநெறிகளுக்கு மட்டுமே கடன் கிடைக்கும். பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்படி பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற நிறுவனமா, அந்தப் பட்டம் அந்த அங்கீகாரத்துக்குள் அடங்குகிறதா என்பதை உயர்கல்வி அமைச்சின் அறிவித்தலில் பார்த்து உறுதிசெய்யும்வரை எவருக்கும் முற்பணம் கட்டாதீர்கள்.

இனி என் சொந்தக் கருத்து. மகள் ஒரு தடவைதான் தோற்றியிருக்கிறாள். பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவை தோற்றலாம். கலைப்பிரிவல்லாத பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் முல்லைத்தீவு உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில், பம்பைமடுவிலேயே, வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. தெரிவுக்குக் கணக்கிலெடுக்கும் அவளுடைய இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்கு அண்மையில் இருந்தால் மறுபடி தோற்றச் சொல்வதே நான் கொடுக்கும் ஆலோசனை. அந்த ஒரு வருடத்தில் அவள் ஆங்கிலத்தையும் விடாமல் படிக்க வேண்டும். தனியார் பட்டங்கள் பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம் என்பதால், எந்த வழியில் போனாலும் அது கைகொடுக்கும். புள்ளி வெகு தொலைவில் இருந்தால், அரசின் உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா படிப்பதைக் கடன் வாங்குவதற்கு முன்னர் யோசியுங்கள். தகவல் தொழில்நுட்பம் போன்ற துறையில் அவளுக்கு உண்மையான நாட்டம் இருந்து, செலவுக் கணக்கும் சரிவந்தால், கடனைக் கண்டு பயப்படாமல் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்கு வயதெல்லை உண்டு. ஆகவே மூன்றாவது தடவைவரை காத்திருப்பதாயின் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது பெறுபேற்றுப் பத்திரத்தில் உள்ள இசட் புள்ளியையும், மகள் விரும்பும் இரண்டு கற்கைநெறிகளின் பெயர்களையும் எழுதிக் கொண்டுவாருங்கள். அவளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். கடன் அவள் பெயரில்தான் இருக்கும்.