புது ஜோடி வந்தபின் பழைய ஃபின்ச்கள் சாகின்றன. நோய் பரவாமல் எப்படித் தடுப்பது?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: கூண்டில் நான்கு பெரிய கோல்டியன் ஃபின்ச் பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் நன்றாக இருந்தன. ஒரு ஜோடி பெங்காலி ஃபின்ச் வாங்கி அன்றே அதே கூண்டில் விட்டாயிற்று. ஒரு மாதத்துக்குள் ஒரு பெரிய கோல்டியனும் இரண்டு குஞ்சுகளும் போய்விட்டன. "புது ஜோடிக்கு ஒன்றுமில்லை, அவை நன்றாகத்தான் இருக்கின்றன" என்று கேட்டவர் சேர்த்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெங்காலி ஃபின்ச் குடலில் கோக்லோசோமா என்ற ஒட்டுண்ணியை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்துகொண்டு திரியும். அதன் எச்சம் பட்ட தண்ணீரைக் குடிக்கும் கோல்டியனுக்கும், பெங்காலி ஊட்டி வளர்க்கும் கோல்டியன் குஞ்சுக்கும் அதே ஒட்டுண்ணி எமனாகிவிடும். குஞ்சுகள் பெரும்பாலும் பத்து நாள் முதல் ஆறு வார வயதுக்குள் சாகும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று எச்சத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் நோயாளி மாதிரித் தெரியாத பறவைதான். கண்ணால் பார்த்து "ஆரோக்கியமாக இருக்கிறது" என்று முடிவு செய்வது ஃபின்ச் விஷயத்தில் எடுபடாது. ஜீப்ரா ஃபின்ச்சின் எடையே ஏறக்குறைய 12 கிராம். பிற விலங்குக்கு இரையாகும் உயிரினம் என்பதால் நோயைக் கடைசிவரை மறைக்கும். அது இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது உங்கள் கண்ணில் படும்போது, நோய் பல நாள் முந்திப் போயிருக்கும்.

எனவே புதிதாக எது வந்தாலும் குறைந்தது 30 நாள் தனி அறையில் இருக்கட்டும். ஒரே அறையில் இரண்டு கூண்டைத் தள்ளி வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது. காய்ந்த எச்சத்தின் தூளும் இறகுத் தூசும் அறை முழுக்கப் பறக்கும். அந்தக் கூண்டுக்கென்று தனி தண்ணீர்க் கிண்ணம், தனி பிரஷ், தனி துணி வேண்டும். காலையில் பழைய பறவைகளை முதலில் கவனியுங்கள், புதியவற்றைக் கடைசியில். வரிசையை மாற்றினால் நீங்களே நோயைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றுங்கள். பலர் கிண்ணத்தைத் தனியாக வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே ஸ்பாஞ்சால் கழுவுகிறார்கள். முப்பது நாள் பாடுபட்டதெல்லாம் அந்த ஸ்பாஞ்சிலேயே போய்விடும்.

இந்த 30 நாளைச் சும்மா கடத்த வேண்டாம். முதல் வாரத்தில் ஒரு முறையும் நாலாவது வாரத்தில் ஒரு முறையும் எச்சத்தைப் பறவை மருத்துவரிடம் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுண்ணி தினமும் ஒரே அளவில் வெளியே வராது என்பதால் இரண்டு முறை தேவை. எடுக்கும் நேரமும் முக்கியம். குருவி இனங்களில் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் பிற்பகலில்தான் அதிகம் வெளியேறும். காலை எச்சத்தில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாகி, பறவையைக் கலந்துவிடுபவர்கள் உண்டு. கோக்லோசோமாவுக்கு வேறு சிக்கல்: அது நீந்தும் ஒட்டுண்ணி, எச்சம் ஆறிக் காய்ந்ததும் செத்துப்போகும், அதன்பின் கண்டுபிடிப்பது கடினம். பறவையையே கூண்டோடு கொண்டுபோய், அங்கே விழும் புதிய எச்சத்தைப் பார்க்கச் சொல்வதுதான் சரி.

மூச்சுக்குழாய்க்குள் வாழும் நுண்ணிய பேனையும் இந்தக் காலத்திலேயே பிடித்துவிடலாம். கோல்டியனிலும் கேனரியிலும் இது அடிக்கடி வரும். பெற்றோர் குஞ்சுக்கு ஊட்டும்போதும், பொதுத் தண்ணீர் வழியாகவும் தொற்றும். முதல் அறிகுறி பாட்டு நின்றுபோவது. பிறகு வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடும், அலகைத் திறந்து வைத்திருக்கும். இரவில் அறை அமைதியானதும் கூண்டருகே காது கொடுத்துக் கேளுங்கள், மெல்லிய டிக் டிக் சத்தம் வரும். மருத்துவர் இருட்டறையில் கழுத்து இறகை ஈரப்படுத்தி ஒதுக்கி, பின்னாலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பார்ப்பார். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியலாம். தெரியாவிட்டால் பேன் இல்லை என்று அர்த்தமில்லை. பறவையைக் கையில் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். அதற்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. கழுத்துத் தோலில் விடும் ஐவர்மெக்டின் துளியின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 12 கிராம் உடம்பில் ஒரு சொட்டு கூடினாலும் உயிர் போகலாம்.

இனி அன்றாட வேலை. காக்சிடியா முட்டை எச்சத்தில் விழுந்த உடனே தொற்றாது. ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் சேர்ந்து ஒன்றிரண்டு நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். தட்டில் விரித்த பேப்பரை தினமும் மாற்றச் சொல்வது இதனால்தான். வாரத்துக்கு ஒரு முறை பளபளவென்று தேய்த்துக் கழுவுவதைவிட, தினமும் இரண்டு நிமிடம் பேப்பர் மாற்றுவது எத்தனையோ மேல். தட்டுக்கு மேலே கம்பிவலை இருந்தால் எச்சத்தைக் கிளறித் தின்ன முடியாது. உட்காரும் குச்சி எதுவும் தண்ணீருக்கும் தினைக்கும் நேர் மேலே இருக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் இரண்டு தடவை மாற்றுங்கள். விரலால் தடவிப் பாருங்கள், கிண்ணம் வழவழத்தால் கிருமிப் படலம் பிடித்திருக்கிறது, வெறுமனே அலசிப் பயனில்லை. குளிக்கும் தொட்டியைக் குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், அதையேதான் குடிக்கவும் செய்யும். முட்டை உணவும் முளைகட்டிய தானியமும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. தானிய மூட்டையை எலி நெருங்காதபடி மூடி வையுங்கள். எலி எச்சத்தில் சால்மொனெல்லா, யெர்சினியா என்ற கிருமிகள் வரும்.

கிருமிநாசினியைப் பற்றிப் பலருக்கும் தவறான நம்பிக்கை. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை முழுதும் தேய்த்து எடுக்க வேண்டும். எச்சம் ஒட்டியிருந்தால் ப்ளீச் அதிலேயே செலவாகிவிடும். பிறகு 5 சதவீத திரவ ப்ளீச் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு, அலசி, நன்றாகக் காயவையுங்கள். பறவைகள் வேறு அறையில் இருக்க வேண்டும். வினிகரோ அமோனியா உள்ள திரவமோ கூடவே சேரக் கூடாது, நச்சு வாயு வரும். இத்தனையும் செய்தாலும் காக்சிடியா முட்டைக்கு ப்ளீச் உறைக்காது. அதற்குக் கொதிநீர், நீராவி, வெயிலில் காயவைப்பது. மரக்குச்சியையும் பழைய கூட்டையும் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரத்தம் குடிக்கும் செம்பேனும் இந்த மரத்துளைகளில்தான் பகலில் ஒளிந்திருக்கும், இரத்தம் கிடைக்காமலேயே பல மாதம் தாக்குப்பிடிக்கும். இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு, விடியும் முன் மடிப்புகளைப் பாருங்கள். கொசு வழியாகப் பறவைகளுக்கு அம்மை வரும், எனவே மாலையில் கொசுவலை.

ஒன்று உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அன்றே தனி அறையில் சிறு கூண்டுக்கு மாற்றி, ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி சூடு கிடைக்கும்படி செய்யுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். தினையும் தண்ணீரும் தரையில் எட்டும்படி இருக்கட்டும். ஃபின்ச் ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே பிழைப்பது கடினம்.

"முன்னெச்சரிக்கையாக" ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து வைக்கும் பழக்கத்தை விடச் சொல்வேன். நோயுற்ற பறவை குறைவாகக் குடிக்கும், அதற்கு மருந்து போதாது. நல்ல பறவை நிறையக் குடிக்கும், அதன் குடல் கெடும். ஒட்டுண்ணிக்கோ பேனுக்கோ வழக்கமான ஆன்டிபயாடிக் பெரும்பாலும் எதுவும் செய்யாது.

செத்த பறவையைப் புதைக்கும் முன் யோசியுங்கள். கையுறை போட்டு, சோப்புக் கலந்த குளிர்ந்த நீரில் இறகை நனைத்து, இரண்டு பையில் கட்டி, உணவுப் பொருள் இல்லாத ஃபிரிட்ஜில் வையுங்கள். உறையவிடாதீர்கள், திசு சிதைந்துவிடும். ஒரு நாளுக்குள் மருத்துவரிடம் கொடுத்தால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லலாம். மிச்சமுள்ள மூன்று கோல்டியனுக்கும் பெங்காலி ஜோடிக்கும் என்ன மருந்து என்பது அதன்பின்தான். அதுவரை இரண்டு ஜாதியையும் இன்றே தனித்தனி அறைக்கு மாற்றுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.