லிமெரிக்கில் சிவப்பு ஜெர்சி வேண்டாம்

தம்பி, ஜனவரியில் லிமெரிக்கில் வேலைக்குச் சேரப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்லது. வாடகை, லைசென்ஸ், மளிகை என்று மூன்று கேள்வி. நாலாவதாக, மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங்கில், அயர்லாந்தின் நான்கு மாகாண அணிகள் (மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட்) மோதும் போட்டி எந்த மாதம், மன்ஸ்டர் ஜெர்சியை இப்போதே ஆன்லைனில் வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். முதல் மூன்றுக்கும் இங்கே வாட்ஸப் குழுவில் யாரைக் கேட்டாலும் பதில் வரும். நாலாவதற்கு நான்தான் வாயைத் திறக்கணும்.

முதலில், நீ பார்த்து வைத்திருக்கும் அந்தச் சிவப்பு ஜெர்சி ரக்பிக்கானது. ரக்பியில்தான் மன்ஸ்டர் என்றொரு அணி வருடம் முழுக்க ஆடுகிறது. ஹர்லிங்கில் சிவப்பு என்றால் கார்க் கவுண்டி. கவுண்டி என்பது மாகாணத்துக்குள் வரும் மாவட்டம் மாதிரி; கார்க், லிமெரிக் எல்லாம் மன்ஸ்டருக்குள்தான். லிமெரிக் பச்சை, டிப்பரெரி நீலமும் தங்கமும், கிளேர் காவியும் நீலமும். லிமெரிக் ஆட்களோடு கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் சிவப்பு போட்டு நின்றால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் ஆட்டம் முடியும்வரை கிண்டல் ஓயாது.

நீ கேட்ட மாகாணப் போட்டி முறையாகக் கடைசியாக நடந்தது 2016 டிசம்பரில். சீசன் என்று பெரிதாக நினைக்காதே, ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தர்லஸ் ஊரின் செம்பிள் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம்: மன்ஸ்டர் 2-20, லென்ஸ்டர் 2-16. முதல் எண் கோல், ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி; இரண்டாவது எண் ஒற்றைப் புள்ளிகள். அதனால் 26-க்கு 22. நான் போயிருந்தேன். நாற்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும் இடத்தில், அந்தக் குளிரில், அங்கங்கே சிலர். வீரர்கள் ஒருவருக்கொருவர் கத்துவது மேல்வரிசை வரை கேட்டது. ஆட்டம் மோசமில்லை. யாருக்காகக் கத்துவது என்றுதான் வந்தவர்களுக்கே தெரியவில்லை. டிப்பரெரிக்காரனும் கிளேர்காரனும் ஒரே அணியில் நின்றால் இவர்களுக்குத் தொண்டை திறக்காது.

ஒரு காலத்தில் அப்படி இல்லையாம். நான் 2007-ல் வந்தபோது தங்கிய முதல் அறையில் சுவரெல்லாம் பூஞ்சை. சொன்னால், ஜன்னலைத் திறந்து வை என்றார்கள், வெளியே பனி. அதை விட்டு ஓடி, டிப்பரெரியைச் சேர்ந்த ஒரு பெரியவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். அவர் ஆரம்பித்தால், இந்த மாகாணப் போட்டியின் பழைய பெயரான ரெயில்வே கப் கதைதான். இங்கத்திய கிரேட் சதர்ன் ரயில்வே கம்பெனி கொடுத்த கோப்பை என்பதால் அந்தப் பெயர். 1927-ல் முதல் இறுதி ஆட்டம், அதை லென்ஸ்டர் ஜெயித்தது. வருடாவருடம் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம். 1954-ல் ஏறக்குறைய 49,000 பேர் கூடினார்கள். இவர் சிறுவனாக அப்பாவோடு ரயிலில் போனவர். லாரி ஓட்டிப் பிழைத்த கார்க் வீரர் கிறிஸ்டி ரிங் மன்ஸ்டருக்காக 18 முறை அந்தப் பதக்கம் வாங்கியதை, சொந்தத் தம்பி வாங்கியதுபோலச் சொல்வார். வடக்கே அல்ஸ்டர் ஹர்லிங்கில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதையும் மறக்காமல் சேர்ப்பார்.

பிற்பாடு அந்த மார்ச் 17-ஐ ஊர் கிளப் அணிகளின் இறுதிப் போட்டிகள் எடுத்துக்கொண்டன. மாகாணப் போட்டியை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள், 2003-ல் ரோமுக்கே கொண்டுபோய் ஆடினார்கள். கூட்டம் திரும்பவில்லை.

ஆகவே நீ பார்க்க வேண்டியது கவுண்டிகள் மோதும் மன்ஸ்டர் சாம்பியன்ஷிப். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் வரை. கார்க், லிமெரிக், கிளேர், டிப்பரெரி, வாட்டர்ஃபோர்ட். சும்மா சொல்லவில்லை, லிமெரிக் 2019 முதல் 2024 வரை ஆறு வருடம் தொடர்ந்து வாங்கியது. 2025-ல் பெனால்டியில் கார்க்கிடம் விட்டது. இன்னொன்று, கால்வே இருப்பது கொனாக்ட் மாகாணத்தில், ஆனால் ஆடுவது லென்ஸ்டர் போட்டியில். மேப்பைப் பார்த்துப் பேசினால் சிரிப்பார்கள். யாரைப் பார்த்தாலும் எந்த மாகாணம் என்று கேட்காதே, எந்த கவுண்டி என்று கேள். அதற்குப் பிறகு நீ பேசவே தேவையில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம்மாட்கள் சிலர் இங்கே பதினைந்து வருடமாக இருக்கிறார்கள், தன் கவுண்டியின் நிறம் தெரியாது. சனிக்கிழமை பிரியாணி, ஞாயிறு ஐபிஎல், நடுவே "ஐரிஷ்காரன் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டான்" என்று ஒரு புலம்பல். எல்லாரும் தேனாகப் பேசுவார்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் திங்கள்கிழமை கேன்டீனில் மழையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசாதவர்கள், நேற்றைய ஆட்டம் எப்படி என்று நான் கேட்ட அன்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். 2018 ஆகஸ்டில் லிமெரிக் 45 வருடம் கழித்து அகில அயர்லாந்து கோப்பையை வென்றபோது, 1973-ல் ஜெயித்ததைச் சின்னப் பையனாகப் பார்த்த எங்கள் சூப்பர்வைசர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது தெரியுமா? இந்த வாரம் ஆடுகிறவர் அடுத்த வாரம் உன் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் வாத்தியாராக நிற்பார்.

என் பையன் எங்கள் பகுதி கிளப்பில் ஆடுகிறான். சனிக்கிழமை காலை தண்ணீர் பாட்டில் தூக்குவது நான்தான், பெருமையாகவே தூக்குகிறேன். கேரளத்து நர்ஸ்களின் பிள்ளைகள் அங்கே நமக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், நாம்தான் லேட்.

மற்றதெல்லாம் சுருக்கமாக: வாடகை பயங்கரம், வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதே. இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள், வந்ததும் தியரி டெஸ்ட் எழுது. புளி, பருப்பு எல்லாம் கிடைக்கும். ஆட்டத்துக்கு டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடு, கேட்டில் போய் நிற்காதே.

அப்புறம், உன் பெண்ணுக்கு ஏழு வயது என்றாய். பெண்களுக்கு இதே ஆட்டம் கமோகி என்ற பெயரில் உண்டு, வந்த வாரமே கிளப்பில் சேர்த்துவிடு. மட்டை ஆஷ் மரத்தில் செய்வது; ஆளிவிதை எண்ணெய் தடவி வைத்தால் கொஞ்சநாள் தாங்கும், பழையதே போதும், யாராவது தருவார்கள். ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கு.