வைஃபை டிரைவரைத் திறந்துவிட்டால் என்ன?

கேள்வி: லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரின் மூலநிரல் (எழுதப்பட்ட நிரல் வரிகள்) கிடைத்தால் யாராவது சரி செய்வார்கள். சிப் கம்பெனியிடம் கேட்டால் அதை வெளியிட ரேடியோ சட்டம் விடாது என்கிறார்கள். உண்மையா, சாக்கா?

பதில்: பாதி பயம், பாதி சாக்கு. டிரைவரின் மூலநிரலை வெளியிடக் கூடாது என்று அமெரிக்காவின் ரேடியோ ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. நேரடியாக எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சண்டை போடவாவது ஒரு விதி இருந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் வழக்கமாக 11 சேனல், ஐரோப்பாவில் 13, ஜப்பானில் பழைய 802.11பி வகை வைஃபைக்கு மட்டும் 14-ம் உண்டு. ஆனால் எல்லா நாட்டுக்கும் போவது ஒரே சிப், எந்த சேனலில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்பதைப் பெரும்பாலும் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. சான்றிதழ் வாங்கியவரோ தயாரிப்பாளர். எவரோ நிரலைத் திருத்தி வரம்பை மீறினால் தலை உருளப்போவது யாருடையது? 2007-ல் மென்பொருளால் கட்டுப்படுத்தப்படும் ரேடியோ பற்றி எஃப்.சி.சி. போட்ட உத்தரவு, பாதுகாப்புப் பகுதியைத் திறமூலமாக வைப்பவர்கள் அது போதுமான அளவு பாதுகாப்பானது என்று நிரூபிப்பது கடினம் என்கிற தொனியில் நழுவிக்கொண்டது. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இதைப் படிக்கிற கம்பெனி வக்கீல் 'எதற்கு வம்பு' என்றுதானே சொல்வார்?

இன்டெல் 3945 சிப்புக்கு நடந்தது வேடிக்கை. டிரைவர் திறந்தே இருந்தது, ஆனால் மூலநிரல் தராத ஒரு குட்டி நிரல் பின்னணியில் ஓடினால்தான் ரேடியோ வேலை செய்யும். விதிகளைக் காவல் காப்பது அதன் வேலை. அப்புறம் அந்தக் காவலை, சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் தள்ளிவிட்டு அந்த நிரலையே தூக்கிவிட்டார்கள். ஏதரோஸ் சிப்புகளுக்கும் முதலில் மூடிய ஒரு துண்டு இருந்தது. 2008-ல் அதே நிறுவனம் ஏத்9கே என்ற டிரைவரை முழுசாகத் திறந்து லினக்ஸுக்குக் கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை. அதனால் 'சட்டம் விடாது' என்பதை நான் முழுசாக நம்புவதில்லை. காப்புரிமை வழக்கு பயமும் போட்டியாளர் எட்டிப் பார்ப்பாரே என்ற கவலையும் அதே திரைக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் ரௌட்டரில் கம்பெனி கொடுத்ததை எடுத்துவிட்டு வேறு ஃபர்ம்வேர் ஏற்றுவது?

பதில்: ஏற்றுவதே குற்றம் என்று எஃப்.சி.சி. சொன்னதில்லை, வரம்பை மீறி ஒலிபரப்புவதுதான் தப்பு. விமான நிலைய வானிலை ரேடார்கள் 5.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவதால் எஃப்.சி.சி.க்கு அக்கறை இருப்பது நியாயம்தான். ஆனால் 2015 மார்ச்சில் அது தயாரிப்பாளர்களுக்குத் தந்த வழிகாட்டுதல், டிடி-டபிள்யூஆர்டி மாதிரி வெளியார் எழுதிய ஃபர்ம்வேரை ஏற்ற முடியாதபடி எப்படிப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 2016-ல் சக்தி வரம்பை மீறவிட்டதற்காக ரௌட்டர் தயாரிப்பாளர் டிபி-லிங்க் எஃப்.சி.சி.யோடு உடன்பாடு செய்து 2,00,000 டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், வெளியார் ஃபர்ம்வேருக்கு இடம்கொடுக்க வழி பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டது. ரேடியோ வரம்பைத் தனியாகப் பூட்டிவிட்டு மீதியைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டு போடுவதுதான் கம்பெனிகளுக்குச் செலவு குறைவு.