ஈட்டியும் சவரக்கத்தியும்

அன்புள்ள ஐயா,

ஓபெரா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேல்ஸ் நாட்டு ஓபெரா பாடகர் பிரின் டெர்ஃபெல்லைக் கேட்க ஆரம்பித்தேன். வாக்னரின் ‘வால்க்யூர’ ஓபெராவில் தேவர்களின் தலைவன் வோட்டானாக அவர் பாடியதைக் கேட்டபின் இரண்டு நாள் வேறெதுவும் ஓடவில்லை. அப்புறம் அதே மனிதர் கொலைகார நாவிதனின் கதையான ‘ஸ்வீனி டாட்’ மியூசிக்கலில் சவரக்கத்தியோடு நிற்கும் காணொளி கண்ணில் பட்டது. பிராட்வே பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு என்று ஆல்பங்கள் வேறு. இவ்வளவு பயிற்சி பெற்றவர் இப்படி இறங்கிவரலாமா? பணத்துக்காகவா? அவரை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அவர் பெயர் டெர்வெல். வெல்ஷ் மொழியில் ஒற்றை ‘எஃப்’ வந்தால் வகர ஒலி, இரண்டு சேர்ந்து வந்தால்தான் ‘ஃப’. முழுப்பெயர் பிரின் டெர்வெல் ஜோன்ஸ். டெல்மி பிரின்-ஜோன்ஸ் என்று ஏற்கெனவே ஒரு வேல்ஸ் பாரிட்டோன் (நடுத்தரக் கனமுள்ள ஆண்குரல் பாடகர்) இருந்ததால் ஜோன்ஸை விட்டுவிட்டார். அதனால் ஜோன்ஸ்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. வேல்ஸில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

‘இறங்கிவரலாமா’ என்கிறீர்கள். எந்தப் படியிலிருந்து? அவர் ஓபெராவிலிருந்து தொடங்கியவரே இல்லை. 1965ல் வட வேல்ஸில் பான்ட் கிளாஸ் என்ற சிற்றூரில் ஆடுமாடு வளர்க்கும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது வெல்ஷ். சின்ன வயதிலேயே பாடியது ஐஸ்தெத்வொட் மேடைகளில். கவிதைக்கும் பாட்டுக்கும் நடக்கும் போட்டித் திருவிழா அது. 1176ல் கார்டிகனில் நடந்ததைத்தான் முதல் ஐஸ்தெத்வொட் என்பார்கள். தேசிய அளவிலான விழா ஒரு வருடம் வடக்கே, ஒரு வருடம் தெற்கே என்று இடம் மாறும். மேடையில் வெல்ஷ் மட்டும்தான்.

அங்கே ‘கெர்த் டான்ட்’ என்று ஒரு வகை உண்டு. ஹார்ப் ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கிவிடும். பாடுபவர் சற்றுப் பொறுத்து, ஒரு கவிதையை வேறொரு மெட்டில் அதன்மேல் ஏற்றிப் பாட வேண்டும். தொடங்குவது தனித்தனியாக, முடிப்பது ஒன்றாக. கேட்பவர்கள் கவனிப்பது குரலின் அளவை அல்ல. கவிதையின் சொல் அழுந்த வேண்டிய இடத்தில் அழுந்துகிறதா, ஒரு வரியின் பொருள் உடையாமல் வந்து சேர்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சிறுவன் டெர்வெல் பழகியது இதைத்தான். சொல் முதலில், குரல் அதற்குப் பின்னால்.

‘பெரிய பயிற்சி’ அப்புறம்தான் வந்தது. 1984ல் லண்டன் கில்டுஹால் இசைக் கல்லூரிக்குப் போனார். ஆர்தர் ரெக்லஸ், ருடால்ஃப் பியெர்நே என்று இரண்டு ஆசிரியர்கள். ஓபெராவில் மைக் கிடையாது. வாக்னர் என்றால் எதிரே நூறு பேர் வாசிக்கும் இசைக்குழு. கத்தினால் தொண்டைதான் போகும். பயிற்சி பெற்ற ஆண்குரலில் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஒலித்திரட்சி உருவாகிறது. இசைக்குழுவின் பலம் அதற்குக் கீழேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதால், அந்த இடைவெளி வழியாகக் குரல் கடைசி வரிசைக்குப் போய்விடும். கில்டுஹால் அவருக்குக் கொடுத்தது இந்த உடலை. உள்ளே இருந்த பாடகர் ஊரிலேயே தயாராகிவிட்டார் என்பது என் எண்ணம்.

1989ல் கார்டிஃப் உலகப் பாடகர் போட்டி. முதல் பரிசு சைபீரியாவிலிருந்து வந்த திமித்ரி வரஸ்தோவ்ஸ்கிக்கு. டெர்வெல்லுக்குக் கிடைத்தது லீடர் பரிசு, அதாவது பியானோவோடு கவிதைகளைப் பாடுவதற்கானது. சொந்த நாட்டில் தோற்றார் என்று இதைச் சொல்வதுண்டு. எனக்கோ, சரியான ஆளுக்குச் சரியான பரிசு போயிருக்கிறது என்றே படுகிறது.

மறுவருடம் வெல்ஷ் நேஷனல் ஓபெராவில் மொட்சார்ட். 1992ல் சால்ஸ்பர்க்கில் ‘சலோமே’, 1994ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபெராவில் ஃபிகரோ வேடம். இந்த வேகத்தில் போனவர் வோட்டானை முதன்முதலாக மேடையில் ஏற்றது 2004 டிசம்பரில், 39 வயதில். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. வாக்னரை அவசரப்பட்டுத் தொட்டு நாற்பது வயதுக்குள் ஓய்ந்துபோன குரல்கள் நிறைய. 2007ல் குடும்பக் காரணத்தால் லண்டனில் ‘ரிங்’ (‘வால்க்யூர’ உட்பட வாக்னரின் நான்கு ஓபெராக்கள் கொண்ட தொடர்) நிகழ்ச்சிகளிலிருந்து விலகி, வசவும் வாங்கினார். 2012ல் திரும்பிவந்து அங்கேயே முழுசாகப் பாடினார்.

இனி சவரக்கத்தி. ‘ஸ்வீனி டாட்’டை அவர் ஏதோ ஓய்வுநேர வேடிக்கையாகச் செய்யவில்லை. 2002ல் சிகாகோ லிரிக் ஓபெராவில் செய்தார், 2014ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு, எம்மா தாம்ப்சன் ஜோடி. மறுவருடம் இங்கிலீஷ் நேஷனல் ஓபெரா. நீங்கள் பார்த்தது நியூயார்க் காணொளியாக இருந்தால் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். எல்லோரும் கச்சேரி உடையில், கையில் இசைப்புத்தகத்தோடு பவ்யமாக வந்து நிற்பார்கள். பிறகு புத்தகங்களை வீசி எறிவார்கள். உங்கள் கேள்விக்கு அந்த வீச்சே பாதி பதில்.

‘ஸ்வீனி டாட்’டை எழுதி இசையமைத்த சொண்ட்ஹைமின் வரிகளில் சொற்கள் நெருக்கியடித்து நிற்கும். பெரிய குரலை அப்படியே ஊற்றினால் ஒரு வார்த்தையும் புரியாது. மைக் வேறு இருக்கிறது, அதன் எதிரே அடக்கிப் பாட வேண்டும். டெர்வெல்லுக்குச் சில இடங்களில் அது முழுசாகக் கைவரவில்லை, குரலின் கனம் சொல்லை மூடிவிடுகிறது. ஆனால் பழிவாங்கலை முணுமுணுக்கும் இடங்களில் பாட்டும் பேச்சும் பிரியாத ஒரு குரல் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? உங்கள் வோட்டானிலிருந்துதான். ‘வால்க்யூர’வின் இரண்டாம் அங்கத்தில் ஈட்டியோடு நிற்கும் கடவுள் தன் தோல்வியை மகளிடம் சொல்லத் தொடங்குகிறாரே, கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக, அடியில் கனத்த தந்திகள் மட்டும் முனக. அங்கே மெட்டு என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கதை சொல்லத் தெரிந்தவன்தான் அதைப் பாட முடியும்.

பணத்துக்காகவா என்றால், அதுவும் இருக்கும். ஆல்பங்களில் சில எனக்கும் திகட்டும், சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்த மாதிரி. கிறிஸ்துமஸ் பாட்டுகளை நான் இரண்டாம் முறை போடுவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது? 1999 டிசம்பரில், புதுப்பித்துத் திறந்த லண்டன் ராயல் ஓபெரா ஹவுஸில் அவர் நடித்த வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’. காணொளி கிடைக்கிறது. தொந்தி கட்டிக்கொண்டு அவர் அடிக்கும் கூத்தைப் பார்த்தால் வித்வான், நடிகர் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. அப்புறம் 2023 மே 6, மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவில் பாடிய ‘கிரியே’, இறைவனிடம் இரக்கம் கேட்கும் பிரார்த்தனை. இசை பால் மீலர், மொழி வெல்ஷ். ஒரு முடிசூட்டு விழாவில் அந்த மொழி பாடப்பட்டது அதுவே முதல்முறை. சில நிமிடங்கள்தான், பெரிய உச்சங்கள் ஒன்றும் இல்லை. அவர் மெய்யெழுத்துகளை எப்படி உச்சரிக்கிறார் என்று கேளுங்கள். மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.