முடிவு பொய்யாக இருந்தும் ஒரு வாதம் எப்படி 'வேலிட்' ஆகும்?

மகளின் நான்காம் படிவக் கணிதப் பயிற்சியைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள்: "பால்மரம் எல்லாம் குலை தள்ளும். லயத்துக்குப் பின்னால் நிற்பது பால்மரம். ஆகவே அது குலை தள்ளும்." (பால்மரம் என்பது ரப்பர் மரம்.) இதற்கு 'சாஹ், ஆனால் முனாசாபா இல்லை' (மலாயில் சாஹ் என்பது வேலிட், முனாசாபா என்பது சவுண்ட்) என்று விடை போட்டிருப்பது சரியா?

சரிதான். பேச்சில் 'வேலிட் பாயிண்ட்' என்றால் ஒப்புக்கொள்ளத்தக்க பேச்சு. லைசன்ஸ் வேலிட் என்றால் தேதி முடியவில்லை. தர்க்கத்துக்கு இரண்டும் உதவாது. அங்கே பார்ப்பது இவ்வளவுதான்: முன்கூற்றுகள் (முடிவுக்கு ஆதாரமாகத் தரும் கூற்றுகள்) எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், முடிவு பொய்யாக வழியுண்டா? வழியே இல்லையென்றால் வாதம் சாஹ். அதோடு முன்கூற்றுகள் நிஜத்திலும் உண்மையாக இருந்தால்தான் முனாசாபா. குலை தள்ளுவது செம்பனை, பால்மரம் அல்ல; இரண்டாவது சோதனையில் போய்விடுகிறது.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது வேறு இடத்தில். "பட்டை மழையில் நனைந்திருந்தால் பாலுக்காக மரம் வெட்டமாட்டார்கள். இன்று வெட்டவில்லை. ஆகவே பட்டை நனைந்திருக்கிறது." (ஈரப் பட்டையில் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, மங்குக் கிண்ணத்தில் சேராமல் வீணாகும்.) மூன்று வரியும் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் வாதம் சாஹ் இல்லை. மரம் இலை உதிர்க்கும் பருவம் என்பதாலும் வெட்டை நிறுத்தியிருக்கலாமே! மாறாக, "இன்று வெட்டினார்கள், ஆகவே பட்டை நனையவில்லை" என்பது சாஹ்.

சந்தேகம் வந்தால் வடிவத்தை அப்படியே வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈப்போ, சுங்கை சிப்புட் இரண்டும் பேராக் மாநிலத்து ஊர்கள். "ஈப்போவில் இருந்தால் பேராக்கில் இருக்கிறோம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் நாம் பேராக்கில் இருக்கிறோம். ஆகவே நாம் ஈப்போவில் இருக்கிறோம்." முன்கூற்றுகள் உண்மை, முடிவு பொய். இப்படி ஒன்று அகப்பட்டாலே அந்த வடிவம் செல்லாது. மழை வாதத்துக்கும் இதே வடிவம்தான்.

விடை எழுதும்போது, வாதத்தை 'உண்மை' என்றோ முன்கூற்றை 'சாஹ்' என்றோ எழுதக்கூடாது. உண்மை, பொய் கூற்றுக்கு, சாஹ் வாதத்துக்கு. தொகுத்தறியும் வாதத்துக்கு (பார்த்த சிலவற்றை வைத்துப் பொதுவாக முடிவு சொல்வதற்கு) 'சாஹ்' போடுவதும் தப்பு. "இதுவரை பறித்த குலையெல்லாம் பழுத்திருந்தது, அடுத்ததும் பழுத்திருக்கும்" என்பதில் முடிவு அநேகமாகச் சரியாகலாம், கட்டாயமில்லை. அதற்கு குவாட் (வலுவானது), மெயாக்கின்கான் (நம்பத்தக்கது) என்ற தனிச் சொற்கள் பாடத்திலேயே உண்டு.