சொதிக்கு ஒயிட் ஒயின் சேரும், சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்

"காரமும் புளியுமான தமிழ்ச் சாப்பாட்டோடு ஒயிட் ஒயின் சேருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாம்பாரையும் மீன்குழம்பையும் மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருநெல்வேலிச் சொதியை உங்களுக்கு யாரும் ஊற்றவில்லை போல.

சொதியில் புளி கிடையாது, வற்றல் மிளகாய் கிடையாது. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுப்போம். மூன்றாம் பாலில் காய்கள் வெந்ததும் குழைந்த பாசிப்பருப்பு, இரண்டாம் பால், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது எல்லாம் சேரும். கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழிய வேண்டும். எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தென்றால் இதுதான்.

சித்திரை லீவுக்குப் பாளையங்கோட்டை வந்த தம்பி, நாசிக்கில் செய்த செனின் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். பிரான்சின் லுவார் பக்கத்துத் திராட்சை அது. நாசிக்கில் சுலா என்ற ஒயின் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட முதல் ஒயின்களிலேயே அதுவும் உண்டு. லேசான இனிப்பு, நல்ல புளிப்பு. அன்று வீட்டில் சொதி. "அக்கா, இதோட குடிச்சுப் பாரு" என்றான்.

ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்துத்தான் குடித்தோம். நம் வெயிலில் அறைச் சூட்டில் விட்டால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும். சொதி சாதம் ஒரு வாய், ஒயின் ஒரு மடக்கு. தேங்காய்ப்பால் நாக்கில் பூசிவிட்டுப்போன கொழுப்பை அந்தப் புளிப்பு அப்படியே வழித்தெடுத்தது. பச்சைமிளகாய்க் காரத்தை இனிப்பு அமர்த்தியது. அடுத்த வாய்க்கு இஞ்சி மணம் புதிதாகத் தெரிந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சொதிக்குத் தொட்டுக்கொள்ளும் இஞ்சிப் பச்சடியோடுதான் சேரவில்லை. அதில் புளியும் வெல்லமும் தூக்கல். சாப்பாட்டின் புளிப்பும் இனிப்பும் ஒயினை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். பச்சடிக்குப் பதில் உருளைக்கிழங்கு சிப்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியை வளர்க்கிறாள் என்று சிலர் வருவார்கள். வயதுவந்தவர்கள் வீட்டுக்குள் ஆளுக்கு அரை டம்ளர் குடித்தது அது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லவில்லை, பந்தியில் வைக்கவும் சொல்லவில்லை. "பொம்பளைக்கு இது எதுக்கு" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் சொதி சொதியாக இருக்க வேண்டும். போன தை மாதம் ஒரு மறுவீட்டில், சமையல் கான்ட்ராக்ட் எடுத்தவர் கார்ன்ஃப்ளார் மாவைக் கரைத்து விட்டிருந்தார். எலுமிச்சைக்குப் பதில் ஏதோ உப்புப் புளிப்பு. கேட்டதற்கு, தேங்காய் விற்கிற விலைக்கு இப்படித்தான் என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது! இலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும்போது இந்த மாவையும் சொல்லியிருக்க வேண்டாமா? பெண்ணின் அம்மா கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மீன்குழம்புக்கு எது சேரும் என்பதைத் தூத்துக்குடிக்காரர்கள் யாராவது சொல்லட்டும். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை.