கருப்பட்டிக் காப்பியும் அப்பாவின் வாதமும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சுகர் இருக்கிறது. தினமும் மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி. கேட்டால், "சீனியை விட்டுட்டேன்லா? எங்க அய்யா 90 வயசு வரைக்கும் கருப்பட்டி தின்னாரு" என்பார். அதற்குப் பதில் சொன்னால், "டாக்டருக்கு மாத்திரை விக்கணும்லா" என்பார். அதற்கும் சொன்னால், "ஏட்டி, நீ டாக்டருக்கா படிச்சிருக்கே?" என்று சண்டையாகிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அப்பா எந்த வாதத்திலும் நிற்கவில்லை, கவனித்தீர்களா? அய்யாவில் தொடங்கி, டாக்டர் வழியாக உங்கள் படிப்புக்கு வந்துவிட்டார். பேச்சு கருப்பட்டியைப் பற்றியதே இல்லை. பெற்ற மகள் தன் வாயைக் கட்டுகிறாளே என்ற ரோஷம். நீங்களோ ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓடிப் பதில் சொல்கிறீர்கள்.

விஷயத்தில் நீங்கள்தான் சரி. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சரக்கு. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் அது மாறிவிடாது. (உடன்குடிக் கருப்பட்டி வாசத்துக்கு நானும் அடிமைதான், அது வேறு கதை.) அய்யா நாளெல்லாம் வயலில் கிடந்திருப்பார் என்றும் சொல்லலாம். ஆனால் சொல்லாதீர்கள். நாலாவது வாதம் தயாராக இருக்கும்.

பேசாமல், வீட்டிலேயே சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். "நீங்க சொல்லுதது சரியான்னு பாத்திருவோம்பா" என்று அவர் பக்கமே நில்லுங்கள். ஒரு நாள் இட்லியோடு கருப்பட்டிக் காப்பி, மறுநாள் அதே கணக்கு இட்லியோடு இனிப்பில்லாத காப்பி. மாத்திரை வழக்கம்போல. சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து விரலில் அவரே குத்தட்டும், நோட்டில் அவரே எழுதட்டும். ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை பார்க்க வேண்டும்.

எண் ஏறி வந்தால் "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான். சொந்தக்காரர்கள் முன்னால் இந்தப் பேச்சே வேண்டாம்.

குத்தமாட்டேன் என்றால் டாக்டரிடம் ஹெச்பிஏ1சி பரிசோதனை கேளுங்கள். அது ரத்தத்தில் சுகர் கடந்த 2, 3 மாதமாக எப்படி இருந்தது என்ற சராசரியைச் சொல்லிவிடும். 'அன்னைக்கு மட்டும் ஏறிருச்சு' என்று நழுவ முடியாது.

அப்புறம், டாக்டரிடம் நோட்டை அவரே நீட்டட்டும். ஒரு வேளைக் காப்பியாவது உண்டா என்று அவரே பேரம் பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.